படுக்க வைத்துத் தூக்கிப் பார்த்த மோட்டார் சைக்கிள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். கோவில் பத்திரிகை நடத்தும் சாமியார் பிழைகளைத் திருத்திப் போடுவார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் பேச வராத எனக்கு இப்படித் தாளில் பேசுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

1

என் மனைவி லூர்துவின் அண்ணன் மகன் அருள். டயகம பக்கம் ஒரு தோட்டத்தில் அவனுக்குத் தொழிலாளர்களை மேற்பார்க்கும் கண்டாக்கு வேலை கிடைத்திருக்கிறது. அவனுடைய தகப்பன் அதே மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று லூர்து இங்கே அக்கம்பக்கத்துக்கெல்லாம் பலகாரம் சுட்டுக் கொடுத்தாள். எதற்கென்று தெரியாமலே எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அவன் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறான். "மாமா, மோட்டார் சைக்கிள் எடுக்கப் போறேன். கிழமை நாள்ல மலைக்கு ஏறணும். ஞாயித்துக்கிழமை அட்டனுக்குப் பூசைக்குப் போகணும். லீவு விட்டா கண்டியத் தாண்டி தூரமா ஒரு ஓட்டம் ஓடணும்னு ஆசை. எல்லாத்துக்கும் ஒரே வண்டிதான். எதை எடுக்க?"

இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. எங்கள் வண்டியில் நாங்கள் லே பட்டினத்துக்குப் போய் வந்து இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. அதைச் சொல்லாமல் அருளுக்குப் பதில் சொல்ல முடியாது. அவனுக்கு மட்டும் எழுதுவதை நீங்களும் வாசித்தால் என்ன என்று லூர்து சொன்னாள்.

நாங்கள் இருப்பது பப்புவா நியூ கினியில், மவுண்ட் ஹாகன் என்ற மலை நகரத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். சிலோனில் நம் ஊர்த் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் துரை இங்கே வேலைக்கு வந்தார். தேயிலை தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று சிலரைக் கூப்பிட்டார். அதில் ஒருவன் நான். கையில் பிரசாவுரிமைப் பத்திரம் இருந்ததால் எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. அது இல்லாததால் வர முடியாமல் போனவர்களை நினைத்தால் இன்றும் மனசு ஒரு மாதிரியாக இருக்கும்.

காலையில் எழுந்ததும் தேத்தண்ணி குடித்துவிட்டு வண்டியை உதைப்பேன். தேயிலை இங்கே மலைச்சரிவில் இல்லை. சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி, தட்டையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நட்டிருக்கிறார்கள். வடிகால் ஒவ்வொன்றும் ஆள் உயரப் பள்ளம். அதன் மேல் இரண்டு மரக்கட்டை போட்டிருக்கும், அதுதான் பாலம். மழை பெய்தால் களிமண் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். கொழுந்து பறிக்கிற பெண்கள் என்னைக் கண்டால் இந்த நாட்டுப் பொதுமொழியான பிஜினில் ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். என் மகன் அந்தோனி அந்த மொழியில் கனவே காண்கிறான். "அப்பா, நீங்க பேசாம இருந்தாலே அவங்களுக்குப் புரியும். பேசினாத்தான் குழப்பம்" என்று என்னிடம் சொல்கிறான்.

2

நான் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியது வட்டவளையில். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி அய்யாவிடம் பழைய இங்கிலீஷ் வண்டி ஒன்று இருந்தது. மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு டிவிஷன் டிவிஷனாகக் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. வண்டி ஒரு நாளைக்கு ஒரு தரமாவது விழும். விழுந்தால் தூக்க யாரும் வரமாட்டார்கள். மூடுபனிக்குள் நானும் வண்டியும் பெட்டியும்தான்.

அந்தக் காலத்தில் பெட்ரோல் கிடைப்பது கஷ்டம். அதனால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. லொறிக்காரர், மோட்டார் சைக்கிள்காரர் யாராக இருந்தாலும் மேட்டில் ஏறி முடிந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடுவோம். பிறகு இறக்கம் முழுவதும் சும்மா உருளுவதுதான். வட்டவளையிலிருந்து கினிகத்தேனைக் கடைவீதி வரை சத்தமே இல்லாமல் போய்ச் சேரலாம். வண்டிச் சத்தம் இல்லாததால் ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடிக்க வேண்டும். ஒரு சொட்டு எரிக்காமல் கினிகத்தேனையில் போய் நின்றவனைத்தான் கெட்டிக்காரன் என்பார்கள். நான் பல தரம் நின்றிருக்கிறேன்.

கோவிலில் தாலி கட்டி முடித்து லூர்துவைத் தொழிலாளர் லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அந்த வண்டியில்தான். கூறைச் சேலையோடு இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப் போட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்து வந்தாள். நம் பெண்கள் அப்படித்தான் உட்காருவார்கள். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தியதும் பின்னாலிருந்து மெதுவாக, "ரிப்பேரா?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "இல்ல, மிச்சம் பிடிக்கிறேன்" என்றேன். வீடு வரை வேறு பேச்சு இல்லை. எனக்கு வெட்கம், அவளுக்கும் வெட்கம்.

3

இங்கே வந்து சில வருடம் தோட்டத்துப் பொது வண்டியில்தான் சுற்றினேன். பிறகு மேற்பார்வைக்காரர்கள் சொந்த வண்டி எடுத்தால் கம்பெனி உதவி செய்யும் என்று சொன்னார்கள். எடுக்கிற வண்டி ஒன்றுதான். கிழமை நாளில் அது மரக்கட்டைப் பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லூர்துவையும் வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக என் மனசில் இன்னொரு கணக்கு இருந்தது. மகள் ஸ்டெல்லா கடற்கரைப் பட்டினமான லேயில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்திருந்தாள். அது மலைகளைத் தாண்டி, கிட்டத்தட்ட தேசத்தின் மறுபக்கம். கம்பெனி லொறியை நம்பாமல் என் பிள்ளையை நானே போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு.

கடைக்கு லூர்துவும் நானும் போனோம், எங்களோடு கனகசபை அய்யாவும் வந்தார். தொழிற்சாலை ஆபீசில் கணக்காளர். யாழ்ப்பாணத்துக்காரர். எனக்காக இங்கிலீஷ் பேச வந்தார், அதோடு வாயும் சும்மா இருக்காது.

கடையில் மூன்று வண்டி இருந்தன. ஒன்று விவசாய வண்டி, குட்டையாக, தடித்த டயரோடு. எங்கேயும் ஏறும். ஆனால் பெருந்தெருவில் மாட்டு வண்டி வேகம்தான். இரண்டாவது பளபளவென்ற பெரிய ரோட்டு வண்டி. நீளமான மெத்தை சீட். கனகசபை அய்யா வைத்திருப்பது அந்த ஜாதிதான். மூன்றாவதைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. ஒல்லி, உயரம், கம்பிச் சக்கரம், முன் மட்கார்டு ஆகாயத்தில் நிற்கும். ஒரே சிலிண்டர், ஆனால் பெரிய சிலிண்டர்.

"உது வண்டியோ, கொக்கோ?" என்றார் அய்யா. "என்ரை மாதிரி ஒண்டை எடும் செபஸ்தி. ரோட்டிலை எண்ணெய் மாதிரி ஓடும்."

"ரோடு முடிஞ்ச பிறகு, அய்யா?"

"ரோடு முடிஞ்சால் நான் நிண்டிடுவன். எனக்கு அங்காலை என்ன வேலை?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அவருக்கு ஆபீஸ், வீடு, டவுன். அவருடைய ஓட்டத்துக்கு அவருடைய வண்டி பொருத்தம். அருள், இதைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். வண்டி எவ்வளவு ஓடும் என்று எல்லோரும் கேட்பார்கள். நீ எங்கே ஓட்டுவாய், எதைச் சுமப்பாய், யாரை ஏற்றுவாய் என்று உன்னையே கேட்டுக்கொள்.

நான் மூன்றையும் சுற்றிச் சுற்றி வந்தேன். கேட்க நினைத்ததைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைசியில் அய்யாவின் காதருகில் போய், "இந்த வண்டிகளை ஒவ்வொண்ணா கீழ படுக்க வைக்கலாமான்னு கேளுங்க" என்றேன்.

"என்னத்துக்கு?"

"விழுந்தா தூக்க முடியுமான்னு பாக்கத்தான்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "பொம்பிளை பாக்கப் போய் சண்டை பிடிச்சுப் பாக்கட்டோ எண்டு கேட்ட மாதிரி இருக்கு" என்றார். ஆனால் கேட்டார். கடைக்கார வெள்ளைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு உள்ளே போய் இரண்டு கோப்பிச் சாக்கைக் கொண்டுவந்து விரித்தார்.

விவசாய வண்டி ஒரு கையில் எழுந்தது. ரோட்டு வண்டி அசையவே இல்லை. லூர்துவும் வந்து கை கொடுத்தாள், அப்போதும் அசையவில்லை. மூன்றாவது வண்டிக்கு ஹேண்டிலைத் திருப்பிவிட்டு, முதுகை சீட்டில் சாய்த்து, காலை ஊன்றித் தள்ளினேன். வட்டவளையில் பழகிய வித்தைதான். கொக்கு மெதுவாக எழுந்து நின்றது. லூர்து தனியாகத் தூக்கிப் பார்த்தாள். பாதி வரை வந்தது. "மீதிய ஏச்சுப் பேச்சுல தூக்கிருவேன்" என்றாள்.

அதையே எடுத்தோம். என் கால் தரையில் பெருவிரல் அளவுதான் எட்டியது. வீட்டுக்கு வந்ததும் லூர்து சீட் உறையைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சை ரொட்டி அரிவது போல ஒரு பட்டை அரிந்து எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்தாள். பாதி கால் எட்டியது. எனக்கு அது போதும்.

4

வண்டி வந்த பிறகு லைசன்ஸ். என் சிலோன் லைசன்சை மேசைக்காரப் பெண் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். மறுபடி சோதனை கொடுக்கச் சொன்னார்கள். சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் நலமா என்று கேட்டார். நான் "மி பாகரப்" என்றேன். களைப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அதற்கு அர்த்தம் நான் பழுதாகிப் போனேன் என்பதாம். அவர் வண்டியை விட்டுவிட்டு என்னைச் சுற்றிவந்து சோதித்தார். டயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று என் காலைத் தட்டிச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் பெரிய தொல்லை வேறு. லூர்துவால் அந்த வண்டியில் உட்கார முடியவில்லை. சீட் அவள் இடுப்புக்கு மேலே. தேயிலைப் பெட்டியைப் போட்டு அதில் ஏறி, வழக்கம் போல ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். முதல் ஞாயிறே மரக்கட்டைப் பாலத்தில் வண்டி ஒரு பக்கம் சாய, அவள் மறுபக்கம் சாய, வடிகாலுக்குள் விழுந்துவிட்டாள். நல்ல வேளை, உள்ளே சேறுதான். நான் எட்டிப் பார்த்தேன். கூறைச் சேலைக்கு அடுத்த நல்ல சேலை அது.

"அடி பட்டுச்சா லூர்து?"

"வண்டிக்கு அடி பட்டுச்சான்னு பாருங்க. அதத்தானே ஆசையா எடுத்தீங்க."

"ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தா விழமாட்ட."

"அதுக்கு நான் ஆம்பளையா பொறந்திருக்கணும்."

அதற்குப் பிறகு நீண்ட காலம் அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. கோவிலுக்கு நான் வண்டியில் போவேன், அவள் அடுத்த வீட்டாரோடு நடந்து வருவாள். வண்டியை நான் சரியாகத்தான் எடுத்தேன், எனக்கு மட்டும் சரியாக எடுத்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

5

ஸ்டெல்லாவின் படிப்பு முடிந்தது. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாளில் வெள்ளைத் தொப்பியைப் பிள்ளையின் தலையில் தாயோ தகப்பனோ வைக்க வேண்டும். யாரும் வராத பிள்ளைக்குப் பெரிய சிஸ்டர் வைப்பார். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்த பிள்ளை. அதன் தலையில் அந்தத் தொப்பியை லூர்து வைக்க வேண்டும். எங்களுக்கு வேறு ஆசையே இல்லை. தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகும் கம்பெனி லொறியில் இடமும் சொல்லி வைத்திருந்தோம்.

புறப்படும் முதல் நாள் செய்தி வந்தது. டவுலோ கணவாயில் மண் சரிந்து பாதை மூடிவிட்டது, லொறி போகாது. விமானத்தில் இடம் இல்லை. ஆபீஸ் டெலிபோனில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். நடந்து போகிறவர்கள் சரிவைக் கடக்கிறார்களாம், பைக் என்றால் எப்படியாவது வந்துவிடலாம் என்றேன்.

 அவள், "வேணாம்பா. சேறும் சகதியுமா அந்த பைக்ல வந்து நிக்காதீங்க. என் கூட்டாளிங்க வீட்டுல எல்லாம் பிளேன்ல வாராங்க. சிஸ்டர் வச்சு விடுவாங்க, பரவால்ல" என்றாள். நல்ல பிள்ளைதான். பட்டினத்தில் இருந்து இருந்து கொஞ்சம் பட்டினத்துப் பிள்ளையாகிவிட்டாள். நான் டெலிபோனை வைத்துவிட்டு லூர்துவிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். லூர்து அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

விடிந்தது. நான் தனியாகவாவது போவோம் என்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் செருமல் சத்தம். லூர்து நின்றாள். அந்தோனியின் கால்சட்டை, என் சட்டை. அதற்கு மேலே இடுப்பைச் சுற்றிப் படங்கு.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் பெண்கள் கொழுந்து எடுக்கும்போது ஈரச் செடி சேலையைக் கிழிக்காமல் இருக்க இடுப்பில் இறுக்கிக் கட்டும் சாக்குதான் படங்கு. வட்டவளையில் கட்டியதை லூர்து இங்கே வரும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். விமான நிலையத்தில் அதிகாரிகள் அதை விரித்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் மருந்தடித்துத் திருப்பித் தந்தார்கள். இத்தனை வருடம் அது பெட்டியிலேயே கிடந்தது.

"பாக்காதீங்க" என்றாள். "அந்தப் பக்கம் திரும்பி வண்டிய எடுங்க."

நான் திரும்பிக்கொண்டேன். வண்டி ஒரு தரம் ஆடியது. அவள் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவள் மாதிரி கட்டிய படங்கு, கால்சட்டையை யார் கண்ணிலும் படாமல் மறைத்திருந்தது. சேலைப் பையைக் கொழுந்துக் கூடை போல முதுகில் மாட்டியிருந்தாள்.

கனகசபை அய்யா வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் பிரஷ்சை வாயிலிருந்து எடுத்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று பயந்தேன். "கவனமாப் போயிட்டு வாங்கோ பிள்ளை" என்று லூர்துவிடம் மட்டும் சொன்னார்.

6

லூர்து பின்னால் இருப்பதே தெரியவில்லை. வளைவு வந்தால் என்னோடு சேர்ந்து சாய்ந்தாள். செங்குத்தான மலையில் முதுகில் கூடையோடு வருடக்கணக்காக நின்றவளுக்கு எந்தப் பக்கம் பாரத்தைக் கொடுக்க வேண்டும் என்று யார் சொல்லித் தர வேண்டும்? ஒரு பக்கமாக உட்கார வைத்து நாங்கள்தான் அவளைப் பாரமாக்கி வைத்திருந்தோம்.

டவுலோவில் மண் சரிவு. பாதை இருந்த இடத்தில் செம்மண் குழம்பு. இந்தப் பக்கம் லொறிகள் வரிசையாக நின்றன. வண்டி இறங்கினால் புதைந்துவிடும். நான் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்க, அந்த ஊர் ஆண்கள் சிலர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. லூர்து தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிஜினில், மகள், லே, நர்ஸ் என்று சொல்லித் தலையில் தொப்பி வைத்துக் காட்டினாள். அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். இரண்டு நீளக் கம்பு வந்தது. விருந்துக்குப் பன்றியைச் சுமப்பது போல எங்கள் வண்டியைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே சேற்றில் இறங்கினார்கள். பெரிய ரோட்டு வண்டியாக இருந்தால் தூக்கியிருக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன். அக்கரையில் என்ன தரட்டும் என்று கேட்டபோது சிரித்தார்கள். எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பொட்டலத்தைக் கொடுத்தோம். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் பாடினார்கள்.

அன்று இரவு கொரோக்காவில் ஒரு கோவில் விடுதியில் தங்கிவிட்டு விடிந்ததும் புறப்பட்டோம். பின்னேரம் விழா, அதற்குள் லே சேர வேண்டும். இடையில் கசாம் கணவாய். அந்த உச்சியில் நின்றால் மலை முடிந்து, வெகு கீழே மஞ்சள் புல்வெளி கடல் வரை விரிந்து கிடப்பது தெரியும். அங்கிருந்து இறக்கம்தான். பெரிய இறக்கம்.

கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது. வட்டவளைப் பழக்கம். சத்தம் நின்றது. காற்று மட்டும்தான்.

பின்னாலிருந்து லூர்து கேட்டாள். "ரிப்பேரா?"

"இல்ல, மிச்சம் பிடிக்கிறேன்."

அவள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கினிகத்தேனைக்குப் போகிற புது மாப்பிள்ளை ஆகிவிட்டேன். வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டு உருண்டேன்.

ஆனால் அது கினிகத்தேனை இறக்கம் இல்லை. அங்கே பாரம் மருந்துப் பெட்டி, அல்லது ஒல்லியாக ஒரு புதுப் பெண். இங்கே இரண்டு பேர், பைகள், பெட்ரோல் கேன், முடிவே இல்லாத சரிவு. சில வளைவுகள் தாண்டியதும் பின் பிரேக்கை மிதித்தேன். மிதி கீழே வரை போனது, வண்டி கேட்கவில்லை. கருகிய வாசனை வந்தது. முன் பிரேக்கைத் தொட்டால் சரளைக்கல்லில் சக்கரம் நழுவுகிறது. அடுத்த வளைவுக்கு அப்பால் ஆகாயம் மட்டும்தான் தெரிந்தது.

"ஏங்க," என்றாள் லூர்து. சிரிப்பு போயிருந்தது. "எஞ்சினப் போடுங்க."

"போட்டா வண்டி உதறும். நீ விழுந்துருவ."

"அதுக்குத்தான் இப்படி உக்காந்திருக்கேன். போடுங்க."

சாவியைத் திருப்பினேன். மூன்றாவது கியரில் போட்டுக் கிளச்சை விட்டேன். வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுத்தது போல உதறியது. பின் சக்கரம் இரண்டு தரம் துள்ளியது. பக்கவாட்டில் உட்கார்ந்த யாரும் அந்த உதறலில் பள்ளத்தில் இருப்பார்கள். லூர்து இரண்டு முழங்காலாலும் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அந்தப் பெரிய ஒற்றைச் சிலிண்டர் பற்றிக்கொண்டது. டுப் டுப் டுப் என்று வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, எருமை போல நிதானமாக இறங்கியது. வளைவை நான் ஓரமாகத் திரும்பிக் கடந்தேன்.

கீழே நிறுத்தித் தண்ணீர் குடித்தோம்.  மிச்சம் பிடித்த பெட்ரோல் ஒரு குவளை கூட இருக்காது.

"இத்தன வருசமா மிச்சம் பிடிச்சது போதும்" என்றாள் லூர்து.

7

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். சேலை மாற்ற நேரம் இல்லை. முகத்தை மட்டும் குழாயில் கழுவிக்கொண்டு வாசலில் நின்றோம். உள்ளே நல்ல உடுப்போடு தாய் தகப்பன்மார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். எனக்குக் கூட்டம் என்றாலே அப்படித்தான். லூர்து ஒதுங்கவில்லை. ஸ்டெல்லாவின் பெயர் வந்தது. பெரிய சிஸ்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சிஸ்டர்" என்று கூப்பிட்டாள் லூர்து. தமிழிலேயே சொன்னாள். "அம்மா வந்துட்டேன்."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. செம்மண் அப்பிய கால்சட்டை, இடுப்பில் சாக்கு, முதுகில் பை. அவள் நடுவழியில் நேராக நடந்து போனாள். ஸ்டெல்லாவின் முகத்தை நான் தூண் மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அது சிவந்தது.  பிறகு அவள் கண் அம்மாவின் இடுப்புக்குப் போனது. சின்னப் பிள்ளையில் அந்தப் படங்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா வரை நடந்து போவாள். சிஸ்டர் தொப்பியை லூர்துவிடம் கொடுத்தார். லூர்து கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கி மகள் தலையில் வைத்தாள். கொஞ்சம் கோணலாகத்தான் வைத்தாள். ஸ்டெல்லா அதை நேராக்கவே இல்லை.

வெளியே வந்ததும் கூட்டாளிகள் சூழ்ந்துகொண்டார்கள். ஸ்டெல்லா என்னைத் தூணிலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, பிஜினில் உரக்கச் சொன்னாள். எனக்கு அந்த ஒரு பேச்சு முழுவதும் புரிந்தது. இது என் அம்மா, இது என் அப்பா, இரண்டு பேரும் ஹாகனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஒரு பிள்ளை நம்பவில்லை. ஸ்டெல்லா வண்டியைக் காட்டினாள். சேற்றில் அந்தக் கொக்கு தன் நிறமே தெரியாமல் நின்றது.

"அம்மா, அதக் கழட்டிக் குடும்மா. அப்பா, வண்டில ஏறுங்க" என்றாள்.

லூர்து படங்கை அவிழ்த்துக் கொடுத்தாள். ஸ்டெல்லா வெள்ளை உடுப்புக்கு மேலே அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பெட்டியும் இல்லாமல் படியும் இல்லாமல் ஒரே தாவில் ஏறி இரண்டு பக்கமும் கால் போட்டு என் பின்னால் உட்கார்ந்தாள்.

"சுத்தி வாங்கப்பா. எல்லாரும் பாக்கட்டும்."

பள்ளி மைதானத்தைச் சுற்றி வந்தேன். கோணல் தொப்பியும் வட்டவளைப் படங்குமாக என் மகள் பின்னால் கை காட்டிக்கொண்டே வந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். கேட்டால் நம்பமாட்டீர்கள், எனக்குக் கூச்சமே வரவில்லை. இன்னொரு சுற்றும் சுற்றினேன்.

அருள், உன் கேள்விக்குப் பதில் இதுதான். கடையில் வண்டியைப் படுக்க வைத்துத் தூக்கிப் பார். உன் பாதையை நினைத்துப் பார். அதற்குப் பிறகு உன் பின்னால் உட்காரப் போகிறவளையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. அவள் எப்படி உட்காருவாள் என்று அவளையே கேள். மேட்டில் ஏறினதும் எஞ்சினை நிறுத்தாதே.

இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று வருடமும் நாலு ஞாயிற்றுக்கிழமையும் ஆகிவிட்டது. லூர்து வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பூசைக்கு நேரமாகிறது.

20 நவம்பர் 1988, ஞாயிற்றுக்கிழமை.